பனிமலையில் ஊதிய சங்கு

1

பெருநாள் முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ஊரில் நீங்கள் எல்லாம் நோன்புக் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துப் பரண்மேல் ஏற்றியிருப்பீர்கள். இங்கே என் அடுப்பில் இன்றைக்கும் கஞ்சி கொதிக்கிறது. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, ஒரு கை கொத்துக்கறி எல்லாம் போட்டாகிவிட்டது. கடைசியில் ஊற்றத் தேங்காய்ப்பால் டின் பக்கத்தில் காத்திருக்கிறது. என் வீட்டுக்காரர் இரண்டு தடவை அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல, ஆசையா இருந்துச்சு" என்றேன். மனுஷன் நம்பவில்லை. நம்பாவிட்டால் போகட்டும். உங்களிடம் சொல்கிறேன்.

நான் திண்டுக்கல் பேகம்பூரில் பிறந்து வளர்ந்தவள். கனடாவுக்கு வந்து இருபது குளிர்காலம் ஆகிவிட்டது. இங்கே வருஷத்தைக் குளிர்காலத்தால்தான் எண்ணுவார்கள், கோடையை நம்பி எண்ண முடியாது. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் எனக்கு வேலை. உப்பில்லாமல், காரமில்லாமல் சமைத்துப் போட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக மிளகாய் தாளிப்பேன். இந்த இருபது குளிர்காலத்திலும் பனியைச் சுரண்டியிருக்கிறேன், பனியைத் திட்டியிருக்கிறேன், பனியில் வழுக்கி விழுந்திருக்கிறேன். காசு கொடுத்துப் பனியில் வழுக்கியது இந்த நோன்பில்தான். அதற்குக் காரணம் என் மகள்.

2

நஸ்ரின் இங்கேயே பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பனிச்சறுக்கு என்றால் உயிர். எங்கள் ஊரிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரப் பயணத்தில் ஒரு சறுக்கு மலை இருக்கிறது. மலை என்று இவர்கள் சொல்கிறார்கள். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு அது ஒரு பெரிய மேடு, அவ்வளவுதான். சனிக்கிழமைகளில் அங்கே சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். வரும் செப்டம்பரில் படிப்புக்காக நாட்டின் மேற்குக் கோடிக்குப் போகிறாள். அங்கே நிஜமான மலைகள் இருக்கின்றனவாம். அடுத்த நோன்புக்கு அவள் என் வீட்டில் இருக்கமாட்டாள்.

நோன்பு நடுவில் ஒரு நாள் அவளுடைய சறுக்கு ஜாக்கெட்டைத் துவைக்க எடுத்தேன். பையில் ஒரு சாக்லேட் பார் உறை இருந்தது. பழசாக இருக்கும் என்று குப்பையில் போட்டேன். இரண்டு நாள் கழித்து அவள் பள்ளிப் பையில் அதே உறை இன்னொன்று.

விடிவதற்கு முன் சஹர் சாப்பாட்டுக்கு எங்களோடு எழுந்திருக்கிறாள். கண்ணைத் திறக்காமலே சோறும் தயிரும் சாப்பிடுகிறாள். மாலையில் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து இறைவனிடம் துஆ கேட்கிறாள். அப்படியானால் நடுவில் பகல் முழுவதும் என்ன நடக்கிறது?

நோன்பு வைப்பதும் வைக்காததும் அவளுக்கும் படைத்தவனுக்கும் உள்ள விஷயம். அதில் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. என்னிடம் நடிக்கிறாளே என்பதுதான் என்னைக் குடைந்தது. இவளுக்குத் தமிழ் கரைந்துகொண்டே வருகிறது, ஊருக்குக் கூப்பிட்டால் வெயில் என்கிறாள். எங்களுக்கும் அவளுக்கும் நடுவே மிச்சமிருப்பது அந்த மாலை வேளையும் அந்த ஒரு தட்டுப் பழமும் என்று நினைத்திருந்தேன். அதுவும் போய்விட்டதா? நேரே கேட்டிருக்கலாம். "ஆமா, வைக்கல" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கேட்கவில்லை.

பேகம்பூரில் இருக்கும் என் அக்காவுக்குச் சொன்னேன். குரல் செய்தியில் பதில் வந்தது.

"ஏண்டி, இம்புட்டுக்கா அழுவுற? ஒரு நாள் முழுக்க அவ கூடவே இரு. வேற ஒண்ணும் கேக்காத, தன்னால தெரிஞ்சிரும்."

"அவ சனிக்கிழமை பூரா பனிமலையில சறுக்கிக்கிட்டு இருப்பாக்கா."

"நீயும் போயிச் சறுக்கு. அதுக்கா அம்புட்டுத் தூரம் போனீங்க? இங்க பாசி புடிச்ச குளியலறையில தெனமும் நாங்க சும்மாவே சறுக்குறோம்."

ஆக, பெற்ற மகளை வேவு பார்ப்பதற்காகப் பனிச்சறுக்குக் கற்ற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

3

"எனக்கும் சொல்லிக்கொடேன்" என்று கேட்டதும் நஸ்ரினுக்கு நம்ப முடியவில்லை. ஆறு வருஷமாக மலையடிவாரக் காப்பிக்கூடத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா. "நெசமாவா?" என்று கட்டிக்கொண்டாள். எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

காரில் போகும்போது தூண்டில் போட்டுப் பார்த்தேன். "இம்புட்டுத் தூரம் போறோம். பயணத்துல நோன்புக்குச் சலுகை இருக்கு. குளிர் வேற. வேணும்னா விட்டுட்டுப் பின்னால வச்சுக்கலாம்."

"நீ வேணும்னா எடுத்துக்கோம்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இது என்ன பதில்? என் வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டே, "சலுகைய எடுக்குறதுன்னா வீட்டுலயே இருந்திருக்கலாம்ல?" என்றார். அவர் இருக்கைக்குப் பின்னால் பெரிய ஃப்ளாஸ்க் நிறையக் கஞ்சி இருந்தது.

சறுக்குக்கட்டை வாடகைக்குக் கொடுக்கும் இடத்தில் முதலில் ஓர் உறுதிமொழி. விழுந்தால், முறிந்தால், மரத்தில் மோதினால், செத்தே போனாலும் எங்கள் பொறுப்பில்லை என்று பக்கம் பக்கமாகப் போகிறது. குடியுரிமை வாங்கும்போதுகூட நான் இத்தனை இடத்தில் கையெழுத்துப் போடவில்லை. அப்புறம் அந்தப் பெண் உயரம் கேட்டாள், வயது கேட்டாள். எல்லாம் சொன்னேன். எடை கேட்டாள். வீட்டுக்காரர் பக்கத்தில் நிற்கிறார். பத்து கிலோவைத் தள்ளுபடி செய்து சொன்னேன்.

"அம்மா, உண்மையச் சொல்லு" என்றாள் நஸ்ரின். "அத வச்சுத்தான் பூட்ஸோட பிடி எவ்ளோ டைட்டுன்னு வைப்பாங்க. குறைச்சுச் சொன்னா ஸ்கீ சும்மா சும்மா கழண்டுக்கும்."

உண்மையைச் சொன்னேன். இருபது வருஷமாகக் கட்டிக்காத்த ரகசியம் போனது. என் வீட்டுக்காரர் பெருந்தன்மையாகக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த பூட்ஸைப் போட்டால் கணுக்கால் என்று ஒன்று இருப்பதே மறந்துவிடும். முக்காட்டின் மேல் ஹெல்மெட், அதன்மேல் கண்ணாடி. பிள்ளைகள் பழகும் சின்னச் சரிவில் ஐந்து வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நின்றேன். வேகத்தைக் குறைக்கக் கட்டைகளின் முனைகளை உள்பக்கமாக ஒட்டி, பின்பக்கத்தை விரிக்க வேண்டும். அந்த முக்கோணத்துக்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் பீட்சா. நேராக வைத்தால் ஃப்ரெஞ்சு ஃப்ரை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் நிற்கிறவளைப் பார்த்து மகள் நாள் முழுக்க, "பீட்சா! அம்மா, பீட்சா! பெரிய பீட்சா!" என்று கத்துகிறாள். இதைவிடப் பெரிய சோதனை எந்த நோன்பாளிக்கும் வந்திருக்காது.

விழுந்தேன். எழுந்தேன். விழுந்த எண்ணிக்கையைச் சொல்லமாட்டேன். ஒரு தடவை ஐந்து வயதுப் பையன் ஒருவன் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தான், அவனும் விழுந்தான். நடுவில் என் வேவு வேலையையும் விடவில்லை. மதியம் பிள்ளைகளைச் சாப்பாட்டுக்கு உள்ளே கூட்டிப்போனாள். திரும்பி வரும்போது அவள் உதடு பளபளவென்று இருந்தது. பக்கத்தில் வந்ததும் பையிலிருந்து உதட்டுக்களிம்பை எடுத்து மறுபடி பூசிக்கொண்டு, "காத்து ரொம்ப அடிக்குது, உனக்கும் வேணுமா?" என்றாள். களிம்பு மட்டும்தானா? தெரியவில்லை. சந்தேகம் வந்துவிட்டால் உதடு பளபளத்தாலும் குற்றம், காய்ந்தாலும் குற்றம்.

4

பொழுது சாயும் நேரத்தில் காற்று இன்னும் ஏறியது. நமக்கு ஆடிக் காற்று பழக்கம். அம்மி பறக்கும் என்பார்கள், எங்கள் தெருவில் தகரக் கூரை பறந்து நானே பார்த்திருக்கிறேன். எங்கள் அப்பா, அத்தா என்போம், அவர் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து காற்று அடித்தால் கண்ணை மூடிக்கொண்டே திசை சொல்லிவிடலாம், அப்படி ஒரு வாடை. இந்தக் காற்றுக்கு வாடை கிடையாது. பல் மட்டும்தான் உண்டு.

"அம்மா, ஒரே ஒரு தடவ மேல போயிட்டு வருவோமா? சுலபமான பாதை ஒண்ணு இருக்கு. இந்த வருஷம் எனக்கு இதான் கடைசி நாள்" என்றாள்.

அந்தக் கடைசி நாள் என்ற சொல்லுக்காகத் தலையாட்டினேன். என் வீட்டுக்காரர் காப்பிக்கூட வாசலில் நின்று, "கஞ்சி ஆறுறதுக்குள்ள வந்துருங்க" என்றார்.

கம்பிவடத்தில் தொங்கியபடி மேலே கொண்டுபோகும் நாற்காலி நமக்காக நிற்காது. நம்ம டவுன் பஸ் போலத்தான், ஓடுகிற ஓட்டத்தில் ஏறிக்கொள்ள வேண்டும். ஏறினோம். கீழே பைன் மரங்களின் தலை, சுற்றிலும் பறக்கும் பனிப்பொடி. சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததால் மலையின் விளக்குகளை அதற்குள் போட்டுவிட்டார்கள். தொழுகை நேரம் சொல்லும் என் கைபேசி குளிரில் எப்போதோ உயிரை விட்டிருந்தது. பாதி வழியில் நாற்காலி நின்றது. நின்றதோடு விடாமல் தொட்டிலாட்டம் ஆடவும் ஆரம்பித்தது. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் மகளையும் பிடித்துக்கொண்டு குர்ஆனில் தெரிந்த சூரா எல்லாவற்றையும் ஓதினேன்.

அப்போது கீழேயிருந்து சங்கு ஊதியது.

நோன்பு மாதத்தில் எங்கள் தெருப் பள்ளிவாசலில் ஊதுகிற சங்கு உங்களுக்குத் தெரியும். மில்லில் ஊதுவார்களே, அந்தச் சைரன்தான். சின்ன வயதில் மொட்டைமாடியில் நின்று அதற்காகக் காது கொடுத்துக் காத்திருப்போம். ஊதிய நொடியில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் வாயை அசைக்கும். ஹிந்து வீட்டுப் பிள்ளைகள்கூட, "சங்கு ஊதிட்டாங்க, சங்கு ஊதிட்டாங்க" என்று கத்திக்கொண்டு கஞ்சித் தூக்கோடு ஓடுவார்கள். இருபது வருஷமாகக் கைபேசி பாங்கு சொல்லித்தான் நோன்பு திறக்கிறேன். ஆனால் உடம்பு எதையும் மறப்பதில்லை. என் கை தானாகக் கம்பியை விட்டது, தானாகப் பைக்குள் போனது. பிஸ்மில்லா சொல்லிப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு மென்றுவிட்டேன். இன்னொன்றை எடுத்து நஸ்ரின் வாய்க்கு நேரே நீட்டினேன்.

"இந்தா, சங்கு ஊதிருச்சு. தொற, தொற."

அவள் கையுறையால் அதைத் தடுத்துப் பிடித்தாள்.

"அம்மா! என்ன பண்ற? அது லிஃப்ட் சைரன்! காத்து ஜாஸ்தியானா இனிமே யாரையும் மேல ஏத்தக்கூடாதுன்னு ஊதுவாங்க." கையுறையை ஒதுக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "நோன்பு தொறக்க இன்னும் அரை மணி நேரம் இருக்கு!"

பாதிப் பழம் உள்ளே போயிருந்தது. மீதியைக் கைக்குட்டையில் துப்பினேன்.

5

மறந்துபோய்த் தின்றால் நோன்பு போகாது. நேரம் வந்துவிட்டது என்று தப்பாக நினைத்துத் தின்றால் போய்விடும், பின்னால் ஒரு நாள் திரும்ப வைக்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எல்லாம் தெரிந்தவள்தான் நான். அந்தரத்தில் ஆடிக்கொண்டு அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கையில் அந்தப் பழம் அப்படியே இருந்தது. தின்னவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நஸ்ரின், நீ நோன்பா?"

"பின்ன?" என்றாள். என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். "ஏன் கேக்குற? நான் வைக்கலன்னு நெனச்சியா?"

இனி மறைத்துப் பயனில்லை. இரண்டு சாக்லேட் உறைகளையும் சொன்னேன். இன்றைக்கு நான் எதற்கு வந்தேன் என்பதையும் சொன்னேன். அவள் கையிலிருந்த பழத்தை ஜாக்கெட் பைக்குள் போட்டு மூடினாள்.

"அது எனக்குத் தொழுகை இல்லாத நாளும்மா" என்றாள்.

மாதாந்திர நாட்களுக்கு எங்கள் வீட்டுப் பெண்கள் சொல்கிற வார்த்தை அது. அந்த நாட்களில் பெண்ணுக்குத் தொழுகையும் இல்லை, நோன்பும் இல்லை. பெற்றவள் எனக்கு அது தோன்றவே இல்லை பாருங்கள். இங்கே அவளுக்குத் தனி அறை, தனி அலமாரி, அவள் நாட்கள் அவளுக்கு. நான் கேட்பதை விட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது.

"அப்ப ஏன் சஹருக்கு எந்திரிச்ச? ஏன் எங்க கூட உக்காந்து தொறந்த?"

"அத்தா இருக்காருல்ல? நீதானே சொன்ன, ஆம்பளைங்க முன்னாடி நோன்பு மாதிரியே இருக்கணும்னு. நீயும் பெரியம்மாவும் அடுப்படிக் கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு சாப்பிடுவீங்கன்னு."

சொல்லியிருக்கிறேன். வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன். பேகம்பூர் வீட்டில் அந்த நாள் வந்தால் நானும் அக்காவும் சஹர் சோற்றில் மிச்சத்தைக் கூடைக்கு அடியில் மூடிவைத்து, மதியம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அள்ளிப் போட்டுக்கொள்வோம். அண்ணன் செருப்புச் சத்தம் கேட்டால் வாய்ச் சோற்றோடு சிலையாகிவிடுவோம். அண்ணனும் வாசலிலேயே நின்று வேண்டுமென்றே இருமிவிட்டுத்தான் உள்ளே வரும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாருக்கும் தெரியாது. இதை நான் ஒரு பழைய கூத்தாகச் சொல்லிச் சிரித்தேன். இவள் அதைப் பாடமாகக் கேட்டு, கனடாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாக்லேட்டைத் தின்று, உறையைப் பைக்குள் ஒளித்து, மாலையில் அத்தா முன்னால் பசித்த முகத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். நானே கைவிட்டு வந்த ஒன்றை என் மகள் எடுத்து வைத்திருக்கிறாள். நான்தான் அவளை நடிக்கிறாள் என்றேன்.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." அப்புறம் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னைய வேவு பாக்க வந்துட்டு நீயே நோன்ப முறிச்சுட்டியேம்மா!"

நாற்காலி ஆடியது நாங்கள் சிரித்த சிரிப்பிலா காற்றிலா என்று தெரியாது. எனக்குக் கண்ணாடிக்குள் கண்ணீர் வந்து, அது பனியாகிப் பார்வையே மறைந்துவிட்டது. அந்த நேரத்தில் அவளை நான் எவ்வளவு நேசித்தேன் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

6

ஒரு குலுக்கலோடு நாற்காலி நகர்ந்தது. உச்சியில் இறங்கியதும் காற்று எங்களைப் பின்னாலேயே தள்ளியது. பாதையின் கீழ்ப்பகுதி கண்ணுக்கே தெரியவில்லை. "என்னால முடியாது, நான் உக்காந்தே வாரேன்" என்றேன். மலைக்கோட்டையின் அடிவாரப் பாறையில் சின்ன வயதில் அப்படித்தான் இறங்குவோம், பாவாடை கிழிந்ததற்கு வீட்டில் தனி விசாரணை நடக்கும்.

"உக்காரக் கூடாது. என்னையே பாரு. கீழ பாக்காத."

எனக்கு முன்னால் திரும்பி நின்று, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகவே சறுக்கி இறங்கினாள். பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அங்கிருந்து மறுபடி இந்த ஓரம். "பீட்சா. அப்படித்தான். பீட்சா." பொடிப்பிள்ளைகளிடம் பேசும் அதே குரல். நடை பழகும்போது நான் அவளுக்கு முன்னால் இப்படித்தான் பின்னோக்கி நடந்திருப்பேன். இரண்டு முறை விழுந்தேன். கட்டை ஒரு தடவைகூடக் கழலவில்லை, உண்மையான எடையைச் சொன்ன பலன்.

பாதி வழியில் மரங்களின் மறைவில் காற்று கொஞ்சம் அடங்கியது. நஸ்ரின் நின்று கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்பதான் நேரம்" என்றாள். பைக்குள் போட்டிருந்த பேரீச்சம்பழத்தை எடுத்துக் கடித்தாள். அது கல்லாக இறுகியிருந்தது, பல் இறங்கவில்லை. பழம் இல்லாவிட்டால் தண்ணீர். தண்ணீருக்கு எங்கே போவது? அவள் குனிந்து, மரத்தடியில் யார் காலும் படாத இடத்தில் ஒரு சிட்டிகை பனியை எடுத்தாள். பிஸ்மில்லா சொல்லி நாக்கில் வைத்துக்கொண்டாள்.

திண்டுக்கல் வெயிலில் நோன்பு வைத்துத் தொண்டை வறண்டு கிடந்த என் வம்சத்தில், பனியால் நோன்பு திறந்த முதல் ஆள் இவளாகத்தான் இருப்பாள். பிறகு இன்னொரு சிட்டிகை எடுத்து என் வாயில் வைத்தாள். "உனக்கு நோன்பு இல்ல. ஆனா எனக்காக நீயும் சும்மாவே காத்திருந்தல்ல."

கீழே என் வீட்டுக்காரர் ஃப்ளாஸ்க்கும் கையுமாக வாசலிலேயே நின்றார். "எங்கடா போனீங்க? எனக்கு உசுரே போச்சு. நோன்பு தொறந்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நஸ்ரின் முந்திக்கொண்டாள். "தொறந்தாச்சு அத்தா. அம்மாதான் மொதல்ல."

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. கஞ்சியைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தவருக்குக் கேட்காமல் என் காதருகில் வந்து, "பெருநாள் கழிச்சு நீ வைக்கும்போது என்னையும் எழுப்பு. எனக்கும்தான் பாக்கி இருக்கு, சேந்தே வச்சிருவோம். அத்தாகிட்டச் சொல்லாத" என்றாள்.

அதனால்தான் இன்றைக்கு அடுப்பில் கஞ்சி. விடிவதற்கு முன் அடுப்படியில் நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் சோறும் தயிரும் சாப்பிட்டோம். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டதும் அவள் விளக்கை அணைத்தாள். அவர் வெளியிலேயே நின்று ஒரு தடவை இருமிவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

இப்போது பொழுது சாய்கிறது. பஸ்ஸில் வந்துகொண்டிருப்பவளிடமிருந்து குரல் செய்தி வந்திருக்கிறது. அரைகுறைத் தமிழ்தான், ஆனால் பேகம்பூர்த் தமிழ்: "அம்மா, வாரேன். இன்னிக்குச் சங்கு நாந்தான் ஊதுவேன். அதுவரைக்கும் எந்தச் சத்தம் கேட்டாலும் வாயத் தொறக்காத."